ஸ்பாம் வரம்பில் கை வைக்கும் முன் அந்த ஒரு வரியைப் படியுங்கள்

உங்கள் கேள்வியைச் சுருக்கிவிட்டுத் தொடங்குகிறேன். நாற்பது மெயில் கணக்குகள் உள்ள பனியன் ஏற்றுமதி அலுவலகம். சொந்த சர்வர்: டெபியன் லினக்ஸில் கடிதங்களை வாங்கி அனுப்பும் போஸ்ட்ஃபிக்ஸ், அவற்றைப் பெட்டிகளில் வைத்துத் தரும் டவ்காட், விதிகளின்படி புள்ளி போட்டுக் குப்பையைப் பிரிக்கும் ஸ்பாம்அசாசின். இன்பாக்ஸில் குப்பை (ஸ்பாம்) சேர்கிறது என்று, எத்தனை புள்ளி வாங்கினால் குப்பை என்று முடிவு செய்யும் வரம்பை 5-லிருந்து 3-க்கு இறக்கினீர்கள். குப்பை குறையவில்லை. மாறாக, நூல் மில்லிலிருந்து தமிழில் வரும் கடிதங்கள் ஜங்க் ஃபோல்டருக்குள் போய் விழுகின்றன. வரம்பை எவ்வளவு வைக்க வேண்டும் என்று கேட்கிறீர்கள்.

5 வையுங்கள். இன்றைக்கே திரும்ப 5 ஆக்கிவிடுங்கள். ஸ்பாம்அசாசினில் ஒவ்வொரு விதிக்கும் இருக்கும் புள்ளி யாரோ மனம்போனபடி போட்டதல்ல. நல்லது, குப்பை என்று கையால் பிரித்த ஏராளமான கடிதங்களின் மீது விதிகளை ஓட்டி, 5 என்ற கோட்டில் இரண்டும் சரியாகப் பிரியும்படி கணக்கிட்டு வைத்த எண்கள் அவை. கோட்டை 3-க்கு நகர்த்தினால் அந்தக் கணக்கு முழுவதும் கலைந்துவிடுகிறது. 3-க்கும் 5-க்கும் நடுவில் இருப்பவை பெரும்பாலும் கொஞ்சம் அழுக்காக எழுதப்பட்ட நல்ல கடிதங்கள்தான்.

நீங்கள் இணைத்த இரண்டு கடிதங்களின் தலைப்புப் பகுதியிலேயே (ஹெடர்) முழுக் கதையும் இருக்கிறது. எக்ஸ்-ஸ்பாம்-ஸ்டேட்டஸ் என்று தொடங்கும் அந்த வரியைப் பாருங்கள். மில்லின் கடிதத்துக்கு 4.4 புள்ளி. அன்வான்டட் லாங்குவேஜ் பாடி என்ற விதி 2.8 கொடுத்திருக்கிறது. ஆர்டிஎன்எஸ் நன் 0.8. பழைய கடிதங்களைப் படித்துக் கற்றுக்கொள்ளும் பேயஸ் பகுதி "சரியாகத் தெரியவில்லை" என்று சொல்லும் பேயஸ் 50 இன்னொரு 0.8. இப்போது அந்த லாட்டரிக் குப்பைக் கடிதத்தைப் பாருங்கள்: பேயஸ் 00 என்பதற்கு மைனஸ் 1.9, ஆர்டிஎன்எஸ் நன் 0.8, யூஆர்ஐபிஎல் பிளாக்ட் 0.001. கூட்டினால் மைனஸ் 1.1. வரம்பை 3 வைத்தாலும் 1 வைத்தாலும் அந்தக் குப்பை உள்ளே வந்தே தீரும். நல்ல கடிதம் குப்பையைவிட ஐந்தரைப் புள்ளி அதிகம் வாங்கியிருக்கிறது. அப்படியென்றால் தராசே கோணலாக நிற்கிறது. அந்த நான்கு விதிகளையும் ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

முதலில் மொழி, ஏனென்றால் இது ஐந்து நிமிட வேலை. அன்வான்டட் லாங்குவேஜ் பாடி என்பது டெக்ஸ்ட்கேட் என்ற ப்ளகின் (கூடுதல் நிரல்) தரும் புள்ளி. இது தானாக இயங்குவதில்லை. யாராவது இயக்கியிருக்க வேண்டும். உங்கள் லோக்கல் டாட் சிஎஃப் என்ற அமைப்புக் கோப்பில் ஓகே லாங்குவேஜஸ் என்ற வரியில் ஆங்கிலத்தின் குறியீடு மட்டும் இருக்கும் என்று நினைக்கிறேன். எங்கோ பார்த்த அமைப்பை அப்படியே ஒட்டும்போது இது கூடவே வந்துவிடும். ஆங்கிலம் மட்டுமே பேசும் அலுவலகத்துக்கு அது சரி. தமிழுக்கான 'டிஏ' குறியீட்டை அந்த வரியில் சேர்த்தால் மில்லின் கடிதம் பிழைத்துவிடும். ஆனால் நான் அதோடு நிற்கமாட்டேன். நம் ஊரில் பாதிப் பேர் "பில் அனுப்பிட்டேன் சார், செக் பண்ணிக்கோங்க" என்பதை ஆங்கில எழுத்தில்தான் எழுதுகிறார்கள். டெக்ஸ்ட்கேட் எழுத்துக்களின் அடுக்கைப் பார்த்து மொழியை ஊகிக்கிறது. தங்கிலீஷ் அதற்குப் பிடிபடாது. ஏதோ ஒரு ஐரோப்பிய மொழி என்று எண்ணிக்கொள்ளும். போதாததற்கு உங்கள் பையர்கள் (சரக்கு வாங்குபவர்கள்) பல நாடுகளில் இருக்கிறார்கள். அந்த ப்ளகினை ஏற்றும் வரியின் முன்னால் ஒரு ஹாஷ் குறி (#) போட்டு அணைத்துவிடுங்கள். உங்களைப் போன்ற அலுவலகத்துக்கு மொழியை வைத்துக் குப்பையைப் பிரிப்பது ஒத்துவராது.

அடுத்தது யூஆர்ஐபிஎல் பிளாக்ட். புள்ளி 0.001 தானே என்று எல்லோரும் தாண்டிப் போவது இதைத்தான். என் அனுபவத்தில் "ஸ்பாம் பிடிக்கவே மாட்டேன் என்கிறது" என்று வரும் புகார்களில் நான் முதலில் தேடுவதும் இதைத்தான். கடிதத்துக்குள் இருக்கும் இணைப்புகள் கெட்ட பெயர் எடுத்தவையா என்று ஸ்பாம்அசாசின் டிஎன்எஸ் (இணையப் பெயர்களைத் தேடும் முறை) மூலம் சில கறுப்புப் பட்டியல்களைக் கேட்கும். அந்தப் பட்டியல்கள் சிறிய பயன்பாட்டுக்கு இலவசம், அளவு மீறினால் கதவை மூடிவிடும். உங்கள் சர்வர் 8.8.8.8 போன்ற, டிஎன்எஸ் கேள்விகளுக்குப் பதில் தேடித் தரும் பொது ரிசால்வர் வழியாகக் கேட்கும்போது, உலகம் முழுவதிலிருந்தும் அதே வழியில் போகும் கேள்விகளோடு உங்களுடையதும் சேர்ந்துவிடுகிறது. பட்டியல்காரர் அந்த ரிசால்வரையே மறுத்துவிடுகிறார். அதன் அடையாளம்தான் இந்த விதி. குப்பையைப் பிடிக்கும் மிக வலுவான ஆயுதம் உங்கள் சர்வரில் வேலையே செய்யவில்லை என்று அந்த 0.001 சொல்கிறது.

தீர்வு எளிது. அதே சர்வரில் அன்பவுண்ட் என்ற சொந்த ரிசால்வரை நிறுவுங்கள். அது வேறு யாரிடமும் கேள்வியைத் தள்ளிவிடாமல் தானே தேடிக் கண்டுபிடிக்கும்படி இருக்க வேண்டும், அதாவது ஃபார்வர்டர் எதுவும் கூடாது. பிறகு ரிசால்வ் டாட் கான்ஃப் கோப்பில் 127.0.0.1 மட்டும் வையுங்கள். சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க, ஸ்பாம்ஹாஸ் என்ற அமைப்பின் ஜென் கறுப்புப் பட்டியலில் 127.0.0.2 என்ற சோதனை முகவரியைத் தலைகீழாக எழுதித் தேடுங்கள். 127.0.0.2, 127.0.0.4, 127.0.0.10 என்பது போலப் பதில் வந்தால் நலம். 127.255.255.254 என்று வந்தால் இன்னும் பொது ரிசால்வர் வழியாகத்தான் போகிறீர்கள் என்று பொருள்.

இந்த 127.255.255.254-ஐ இன்னொரு காரணத்துக்காகவும் நினைவில் வையுங்கள். போஸ்ட்ஃபிக்ஸில், கறுப்புப் பட்டியலில் உள்ளவரை மறுக்கும் ரிஜெக்ட் ஆர்பிஎல் கிளையன்ட் என்ற வரியில் வெறும் பட்டியலின் பெயரை மட்டும் எழுதியிருந்தால், எந்தப் பதில் வந்தாலும் "பட்டியலில் இருக்கிறது" என்றே அது எடுத்துக்கொள்ளும். "உன் கேள்விக்குப் பதில் தரமாட்டேன்" என்ற பிழைக் குறியும் அதற்கு ஒரு பதில்தான். அன்றைக்கு அலுவலகத்துக்கு வரும் எல்லாக் கடிதமும் வாசலிலேயே திருப்பி அனுப்பப்படும். பட்டியலின் பெயருக்குப் பின்னால் சமக்குறி போட்டு, 127.0.0 என்ற வரிசையில் 2 முதல் 11 வரை வரும் பதில்களை மட்டும் ஏற்கும்படி எழுதுங்கள். பழைய அமைப்பில் எந்தெந்தப் பட்டியல்கள் இருக்கின்றன என்பதையும் ஒருமுறை பாருங்கள். சோர்ப்ஸ் என்ற பட்டியல் 2024 ஜூனில் மூடப்பட்டுவிட்டது; அதன் பெயரைத் தாங்கிய அமைப்புக் கோப்புகள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. ஸ்பாம்ஹாஸ் போன்றவை வணிகப் பயன்பாட்டுக்குத் தனிப் பதிவு கேட்கும் என்பதால், நிறுவனத்தின் பெயரில் அதையும் முறைப்படி செய்துவிடுங்கள்.

சரி, இப்போது பேயஸ். இதுதான் விஷயத்தின் நடு. பேயஸ் 00 என்றால், "நான் இதுவரை படித்ததை வைத்துப் பார்த்தால் இது குப்பையாக இருக்கும் வாய்ப்பு நூற்றில் ஒன்றுக்கும் குறைவு" என்று உங்கள் சர்வர் உறுதியாகச் சொல்கிறது. லாட்டரிக் கடிதத்தைப் பார்த்து அப்படிச் சொல்கிறது என்றால் அதற்குத் தவறாகப் பாடம் நடந்திருக்கிறது. யார் நடத்தினார்கள்? அதுவே தனக்கு நடத்திக்கொண்டது. தானாகக் கற்கும் வசதி இயல்பாகவே இயங்கிக்கொண்டிருக்கும். 0.1-க்குக் கீழே புள்ளி வாங்கிய கடிதத்தை நல்லது என்றும், 12-ஐத் தாண்டியதைக் குப்பை என்றும் அது படித்துக்கொள்ளும். உங்களிடம் கறுப்புப் பட்டியல்கள் வேலை செய்யாததால் குப்பைகள் 12-ஐ எட்டவே இல்லை. அவற்றில் சில 0.1-க்குக் கீழே விழுந்து நல்ல கடிதங்கள் என்று பதிவாகிவிட்டன. அடுத்த முறை அதே மாதிரிக் குப்பை வந்தபோது பேயஸ் கழித்துக் கொடுத்தது, அது இன்னும் கீழே போனது. டிஎன்எஸ் கோளாறு பேயஸைக் கெடுத்தது இப்படித்தான். அதனால்தான் டிஎன்எஸ்ஸை முதலில் சரிசெய்யச் சொன்னேன்.

ஒவ்வொரு வாரமும் பேயஸுக்குப் பாடம் நடத்தும் எஸ்ஏ-லேர்ன் கட்டளையை ஓட்டி ஜங்க் ஃபோல்டரைப் படிக்க வைப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அது எந்தப் பயனர் பெயரில் ஓடுகிறது? ரூட் என்ற நிர்வாகிப் பயனரின் கிரானில் (நேரம் குறித்து வேலைகளை ஓட்டும் பட்டியலில்) போட்டிருந்தால், பாடம் முழுவதும் ரூட்டின் வீட்டில் இருக்கும் தரவுத்தளத்துக்குப் போகிறது. கடிதங்களைச் சோதிக்கும் ஸ்பாம்டி வேறு பயனராக ஓடினால் அந்தத் தரவுத்தளத்தைத் திறந்தே பார்க்காது. ஒரு பள்ளியின் சர்வரை நான் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில் எட்டு மாதம் இப்படியே படிக்க வைத்தேன். ஆசிரியர்கள் ஒவ்வொரு நாளும் பொறுமையாகக் குப்பையை நகர்த்தி வைத்தார்கள், அவர்கள் உழைப்பில் ஒரு கடிதம்கூட வடிகட்டியைச் சேரவில்லை. அதைக் கண்டுபிடித்த நாளில் எனக்கு வந்த வருத்தம் இன்னும் போகவில்லை. ஆகவே எஸ்ஏ-லேர்னில் டம்ப் மேஜிக் என்ற கட்டளையை ரூட்டாக ஒருமுறையும், ஸ்பாம்டி ஓடும் பயனராக ஒருமுறையும் ஓட்டுங்கள். எத்தனை குப்பை, எத்தனை நல்ல கடிதம் படித்திருக்கிறது என்று இரண்டு எண்கள் தெரியும். இரண்டு தடவையும் வெவ்வேறு எண்கள் வந்தால் உங்களுக்கும் அதே நிலைதான்.

கெட்டுப்போன பாடத்தைத் திருத்த முயல வேண்டாம். அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள். இரு பக்கமும் தலா 200 கடிதங்கள் சேரும் வரை பேயஸ் வாயே திறக்காது. அது இயல்பான வரம்பு. நான் ஐந்நூறு ஐந்நூறாவது சேர்த்த பிறகுதான் நம்பத் தொடங்குவேன். குப்பை எளிதில் கிடைத்துவிடும், நல்ல கடிதம் சேர்ப்பதுதான் கடினம். மெர்ச்சன்டைசர், கணக்குப் பிரிவு, ஷிப்பிங் என்று எல்லா மேசையிலிருந்தும் வேண்டும். கணக்குப் பிரிவை விட்டுவிட்டால் "பேமென்ட்", "அர்ஜென்ட்", "இன்வாய்ஸ்" எல்லாம் குப்பைச் சொற்களாகப் பதிந்துவிடும். கடிதங்களைத் தரத் தயங்கும் ஊழியர்களிடம் ஒன்றைச் சொல்லலாம்: பேயஸ் தரவுத்தளத்தில் கடிதமோ சொற்களோ படிக்கும்படி இருப்பதில்லை, ஒவ்வொரு சொல்லும் சிறிய ஹாஷ் துணுக்காகத்தான் சேமிக்கப்படுகிறது. இருந்தாலும் கேட்டுவிட்டு எடுப்பதே மரியாதை. தானாகக் கற்கும் வசதியை முதல் இரண்டு மாதத்துக்கு அணைத்து வையுங்கள்.

தமிழ்க் கடிதங்களுக்காக இன்னொன்று. ஸ்பாம்அசாசின் 3.4 வரிசை ஆங்கிலத்தை மனத்தில் வைத்தே எழுத்துக்களைக் கையாண்டது. யூடிஎஃப்-8-ல் தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட் எடுக்கும். "நிறுவனம்" என்ற ஒரே சொல் 24 பைட் நீளம். பைட் கணக்கில் நீளமான சொற்களை வெட்டிச் சுருக்கும் முறைக்குள் நம் மொழியின் சாதாரணச் சொற்களெல்லாம் மாட்டிக்கொண்டன. 2022 டிசம்பரில் வந்த 4.0-ல் எல்லா மொழிகளையும் யூடிஎஃப்-8-ல் முறையாகக் கையாளும்படி நிறைய மாற்றி எழுதினார்கள். டெபியன் 11-ல் 3.4.6-தான் இருக்கிறது, 12-ல் 4.0 வந்துவிட்டது. தமிழில் பாதிக் கடிதம் வரும் சர்வர் என்றால் இந்த ஒரு காரணத்துக்காகவே மேம்படுத்தலாம்.

மிச்சம் இருப்பது ஆர்டிஎன்எஸ் நன். அனுப்பிய சர்வரின் ஐபிக்குப் பெயர் இல்லை என்று பொருள். சிறிய மில்லின் சர்வரில் அது நடப்பதுதான். ஆனால் நீங்கள் அனுப்பிய இரண்டு கடிதத்திலும் இருப்பது என்னை யோசிக்க வைக்கிறது. இன்னும் பத்துக் கடிதங்களைத் திறந்து பாருங்கள். எல்லாவற்றிலும் இருந்தால், கடிதங்கள் முதலில் வெளியே வாடகைக்கு எடுத்த ஒரு சர்வருக்கு வந்து, அங்கிருந்து அலுவலகத்துக்கு வருகின்றன என்று ஊகிக்கிறேன். அந்த இடை சர்வர் உங்களுடையது என்று ஸ்பாம்அசாசினுக்குத் தெரியாது. எல்லாக் கடிதமும் அந்த ஒரே ஐபியிலிருந்து வந்ததாக நினைத்துக்கொண்டு அதையே கறுப்புப் பட்டியலில் தேடும். உண்மையில் அனுப்பியவனின் ஐபி சோதனைக்கே வராது, அந்த டொமைன் பெயரில் அனுப்ப அந்த ஐபிக்கு அனுமதி உண்டா என்று பார்க்கும் எஸ்பிஎஃப் சோதனையும் எல்லோருக்கும் தோற்கும். இன்டர்னல் நெட்வொர்க்ஸ், டிரஸ்டட் நெட்வொர்க்ஸ் என்ற இரண்டு வரிகளிலும் அந்த ஐபியைச் சேர்த்தால் இது தீரும்.

இந்த நான்கையும் செய்துவிட்டால் நீங்கள் அனுப்பிய மில் கடிதம் 1.6-க்கு இறங்கிவிடும், இடை சர்வர் இருப்பது உண்மையானால் இன்னும் கீழே. பேயஸ் சரியாகப் படித்துவிட்டால் குப்பைக்கு அதுவே 3.5 கொடுக்கும், கறுப்புப் பட்டியல்கள் மீதியைக் கொடுத்துக் கோட்டைத் தாண்ட வைக்கும்.

இதற்குப் பிறகுதான் சொந்த விதிகள். முக்கியமான பையர்களை வெள்ளைப் பட்டியலில் போட்டிருப்பதாகச் சொன்னீர்கள். வைட்லிஸ்ட் ஃப்ரம் என்று எழுதியிருந்தால் உடனே மாற்றுங்கள். அனுப்புநர் முகவரியை யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம், அந்த வரியோ கண்ணை மூடிக்கொண்டு 100 புள்ளி கழிக்கும். பையரின் பெயரில் "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது" என்று வரும் மோசடிக் கடிதத்துக்கு நீங்களே ராஜபாட்டை போட்டுக் கொடுத்ததாகிவிடும். எஸ்பிஎஃப் அல்லது டிகிம் (அனுப்பும் டொமைனின் டிஜிட்டல் கையொப்பம்) தேறினால் மட்டும் கழிக்கும் வைட்லிஸ்ட் ஆத் இருக்கிறது, 4.0-ல் அதன் பெயர் வெல்கம்லிஸ்ட் ஆத். அதைப் பயன்படுத்துங்கள். உங்கள் சொந்த டொமைனை எந்தப் பட்டியலிலும் போடாதீர்கள், மோசடிக்காரன் முதலில் போடுவது அந்த முகவரியைத்தான்.

எம்.டி. பெயரில் "உடனே பணம் அனுப்பவும்" என்று ஏதோ இலவச முகவரியிலிருந்து வரும் கடிதங்களுக்கு ஒரு விதி எழுதித் தருகிறேன் என்று பலருக்குச் சொல்லியிருக்கிறேன், உங்களுக்கும் அது வேண்டும். அனுப்புநரின் பெயரில் எம்.டி.யின் பெயர் இருக்கிறதா என்று ஒரு துணை விதி. முகவரி உங்கள் டொமைனில் முடிகிறதா என்று இன்னொன்று. இரண்டின் பெயரும் இரட்டை அடிக்கோட்டில் தொடங்கினால் அவற்றுக்குத் தனிப் புள்ளி விழாது. முதலாவது ஆம், இரண்டாவது இல்லை என்றால் 4 புள்ளி என்று ஒரு மெட்டா விதி. அவருடைய சொந்த ஜிமெயில் முகவரியை விலக்க மறக்காதீர்கள், ஞாயிற்றுக்கிழமை அதிலிருந்துதான் எழுதுவார். மற்றபடி ஒரு சொல்லைப் பார்த்துப் புள்ளி கொடுக்கும் விதிகளுக்கு 1-க்கு மேல் வேண்டாம்.

எதை எழுதினாலும் லோக்கல் டாட் சிஎஃப்-இல் மட்டும் எழுதுங்கள். கூடவே வந்த விதிக் கோப்புகளைத் திருத்தினால் அடுத்த எஸ்ஏ-அப்டேட்டில் அழிந்துபோகும். அந்த அப்டேட் தினமும் ஓடுகிறதா என்றும் பாருங்கள். 2010 ஜனவரி 1 அன்று என்ன நடந்தது என்று பழைய ஆட்களுக்கு நினைவிருக்கும். கடிதத்தின் தேதி வெகுதொலைவு எதிர்காலத்தில் இருந்தால் புள்ளி போடும் ஒரு விதியில் 2010-ம் "எதிர்காலம்" என்றே எழுதப்பட்டிருந்தது. புத்தாண்டு பிறந்ததும் உலகம் முழுவதும் நல்ல கடிதங்களுக்கெல்லாம் கூடுதல் புள்ளி விழுந்தது, பெரும்பாலான சர்வர்களில் மூன்றுக்கும் மேல். திருத்தம் உடனே வந்தது. அப்டேட் ஓடிய சர்வர்கள் தப்பித்தன. வரம்பை 3-க்கு இறக்கி வைத்திருந்தவர்களுக்கு அன்றைக்கு வந்த வாழ்த்துக்கள் எல்லாமே ஜங்க்கில்தான் கிடந்திருக்கும்.

பிடித்த குப்பையை என்ன செய்வது என்பதில் என் கருத்து கறாரானது. 5-லிருந்து 15 வரை ஜங்க் ஃபோல்டருக்கு, டவ்காட்டின் சீவ் என்ற வடிகட்டும் விதிகள் வழியாக. 15-க்கு மேல் வாசலிலேயே, கடிதத்தை வாங்கிக்கொள்வதற்கு முன், மில்ட்டர் என்ற இடை நிரல் மூலம் 550 என்ற மறுப்புக் குறியைச் சொல்லி மறுத்துவிடுங்கள். அப்போது உண்மையான ஆள் ஒருவர் தவறிச் சிக்கியிருந்தாலும் அவருடைய சர்வர் அவருக்குத் தகவல் சொல்லிவிடும். சத்தமில்லாமல் அழிப்பதை மட்டும் எந்தப் புள்ளியிலும் செய்யாதீர்கள். வாங்கிக்கொண்ட பிறகு திருப்பி அனுப்பவும் கூடாது; அந்தப் பதில் போலி முகவரிக்குச் சொந்தக்காரரான அப்பாவியைத்தான் போய்ச் சேரும்.

கிரேலிஸ்டிங் போடலாமா என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். வேண்டாம் என்பேன். புதியவர்களின் கடிதத்தை முதல் தடவை "பிறகு வா" என்று திருப்புவதால் ஓடிபி காலாவதியான பிறகுதான் வரும், கணக்குப் பிரிவு உங்களைத் தேடி வரும். போஸ்ட்ஃபிக்ஸோடு வரும் போஸ்ட்ஸ்கிரீன் போதும். அது வணக்கத்தின் முதல் பாதியைச் சொல்லிவிட்டு ஆறு விநாடி காத்திருக்கும். முறையான சர்வர் வணக்கம் முடியும் வரை பொறுத்திருக்கும், அவசரக்கார பாட் (குப்பை அனுப்பும் தானியங்கி நிரல்) முந்திக்கொண்டு பேசி மாட்டிக்கொள்ளும். ஒருமுறை தேறியவரை அது மறுபடி உடனே காக்க வைப்பதும் இல்லை.

ஊழியர்கள் ஜங்க்கிலிருந்து இன்பாக்ஸுக்கும், இன்பாக்ஸிலிருந்து ஜங்க்குக்கும் நகர்த்தும்போதே பேயஸ் படித்துக்கொள்ளும்படி டவ்காட்டின் ஐமேப்சீவை அமைக்கலாம். ஜங்க்கிலிருந்து டிராஷுக்குப் போவதை மட்டும் "நல்ல கடிதம்" என்று எண்ணாமல் விலக்கி எழுதுங்கள். தாங்களே கேட்டு வாங்கிய செய்திமடலை ஜங்க்கில் தள்ள வேண்டாம், அதிலுள்ள விலகும் இணைப்பை அழுத்துங்கள் என்று ஊழியர்களிடம் ஒருமுறை உட்கார்ந்து சொல்லிவிடுங்கள்.

ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் அமைப்பில் பிழை உண்டா என்று பார்க்கும் ஸ்பாம்அசாசினின் லிண்ட் சோதனையை ஓட்டி, அது எதுவும் சொல்லாமல் முடிந்தால் மட்டும் ஸ்பாம்டியை மறுபடி தொடங்குங்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்ற வேண்டாம். இன்று வரம்பும் மொழியும், நாளை டிஎன்எஸ், வார இறுதியில் பேயஸ் என்று போங்கள். இரண்டு வாரம் கழித்து, தவறாகப் பிடிபட்ட மூன்று கடிதங்கள், தப்பி வந்த மூன்று குப்பைகள் ஆகியவற்றின் அந்த ஒரு வரியையும், டம்ப் மேஜிக் காட்டும் இரண்டு எண்களையும் இங்கே போடுங்கள். அதற்கு மேல் என்ன தேவை என்று அப்போது பார்ப்போம்.